வெனிங் கேட்ட பாம்பும் முப்பத்தைந்து நாளும்

க்ளாத்தென்,
திங்கட்கிழமை

அன்பு மகன் ஜத்மிக்கோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கருணையால் இங்கே நானும் உன் அப்பாவும் தங்கை வெனிங்கும் கைகால் சுகமாக இருக்கிறோம், நீ ஏறியிருக்கிற மீன்பிடிக் கப்பலைக் கடல் அளவோடு ஆட்டட்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துத் தெரு வாஹ்யூ விடுப்பு முடிந்து வியாழக்கிழமை தைவானுக்குத் திரும்புகிறான், உன் கப்பல் கரை தொடும்போது இதை உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். அவனிடம்தான் இந்தக் கடிதத்தையும், சர்க்கரைப் பாகில் புரட்டிய சோயா தெம்பே ஒரு டப்பாவும் கொடுத்தனுப்புகிறேன், டப்பாவைத் திறந்ததும் மற்ற பையன்களுக்கும் கொடு, ஒளித்து வைத்துத் தின்னாதே. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் லைன் பாதியில் அறுந்துபோகும், மீதிப் பாதியில் நான் அழுதுவிடுவேன், பிறகு சொல்ல வந்தது சொல்லாமலே போகும். ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் தங்கைக்குப் பாம்பு வளர்க்க வேண்டுமாம். விளையாட்டில்லை. வருகிற புதன்கிழமைக்குள் நான் சரி அல்லது முடியாது என்று ஒரு பதில் சொல்லியாக வேண்டும். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நகரத் திடலில் கழுத்தில் பாம்பைப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்குமே, அங்கே நீமாஸ் என்றொரு பெண், ஜோக்ஜாவில் கால்நடை மருத்துவம் படித்தவள், அவளோடு இவளுக்குப் பழக்கம். அந்தப் பெண்ணுக்கு காலிமந்தானில் வேலை கிடைத்துவிட்டது, தன் பாம்பைக் கொண்டுபோக முடியாதாம், காசு வேண்டாம், நல்ல கை வேண்டும் என்கிறாள். சின்ன ஜாதி மலைப்பாம்பு, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமாம், அதனால் அதற்கு ஓண்டே என்று பெயர் வைத்திருக்கிறாள். பதினோரு வருடமாக நான் எள்ளில் புரட்டிப் பொரித்துச் சந்தையில் விற்கிற ஓண்டே-ஓண்டே உருண்டையின் பெயர் போயும் போயும் ஒரு பாம்புக்கு. உன் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு, "அது பந்தா சுருளுறதே உங்கம்மா போடுற சத்தத்தைக் கேட்டுத்தான் இருக்கும்" என்கிறார். எதிர்வீட்டு பு யாத்மி சும்மா இருப்பாளா, "கோழி வளர்த்தா முட்டையாவது கெடைக்கும், பாம்பு வளர்த்தா உரிச்சுப் போட்ட தோலுதான் கெடைக்கும்" என்று தெருவே கேட்கச் சொன்னாள்.

நான் உடனே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், புத்தி கெட்டுப்போய் ஒரு செலாப்பான் கெடு வைத்தேன். ஐந்து நாளுக்கொருமுறை வரும் லெகி புதன்கிழமையோடு சேர்ந்த நாளில் தொடங்கி, அவை மறுபடி சேரும் புதன் லெகி வரைக்கும் முப்பத்தைந்து நாள், பெட்டி மட்டும் இருக்கும், உள்ளே பாம்பு இருக்காது, ஆனால் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு எல்லாம் செய்ய வேண்டும், ஒருநாள் தவறினாலும் பேச்சே கிடையாது என்றேன். பத்து நாளில் சலித்துப்போய் விட்டுவிடுவாள் என்பது என் கணக்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, காலையில் எழுப்பவே நான் மூன்று தடவை கத்த வேண்டும். அவள் என்னடாவென்றால் வெறும் பெட்டிக்குத் தினமும் தண்ணீர் மாற்றுகிறாள், சூடு எத்தனை, ஈரம் எத்தனை என்று பள்ளி நோட்டில் இரண்டு வேளையும் குறிக்கிறாள், மூடியின் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். பதினெட்டாம் நாள் அவள் பள்ளியில் இருக்கும்போது நானே போய்க் கொக்கியைக் கழற்றி வைத்தேன், வேண்டுமென்றேதான், ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலம் நோட்டில் பார்த்தால், கொக்கி திறந்திருந்தது, வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார், பாம்பு வெளியேறியதாக வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன் என்று எழுதியிருந்தது. நிஜமாகவே தேடியிருக்கிறாள் மகனே, என் அரிசிப் பானைக்குப் பின்னால்கூட ஒட்டடை கலைந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனாலும் பயம் போகவில்லை.

பயம் எதற்கென்று உனக்குத் தெரியும். அந்தச் சின்ன மலைப்பாம்பு கடித்தாலும் நான்கு முள் குத்தியதுபோலத்தானாம், விஷம் கிடையாது, அது எனக்குப் புரிகிறது. என் பயம், அதைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை வயலோரத்தில் இன்னொன்றைக் கண்டாலும் நீளும் என்பதுதான். நம் வீட்டுக்குப் பின்சுவர் தாண்டினால் நெல்வயல். உனக்குப் பதினேழு வயதில் மூங்கில் புதரில் பச்சையாக என்னவோ சுருண்டு கிடந்ததைப் பிடிக்கப்போன கையும் இப்படித் தண்ணீர்ப்பாம்பைப் பிடித்துப் பழகின கைதான். மூங்கில் சிலாம்பு குத்திடுச்சும்மா என்று நீ சொன்னாய், நானும் நம்பி தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றினேன், கவனமில்லாமல் திரிகிறாய் என்று திட்டக்கூடச் செய்தேன், விடிந்து பார்த்தால் முழங்கை வரைக்கும் வீங்கி நீலம் பாரித்திருந்தது. இது பாம்புக்கடி, நேற்றே கொண்டுவந்திருந்தால் விரல் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். வெனிங் அப்போது கைக்குழந்தை, இன்றுவரை உன் விரல் போனது மூங்கிலால் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாம் இருவரும் சேர்ந்துதான் அந்தப் பொய்யை வளர்த்தோம்.

இனி நேற்று நடந்ததைக் கேள். பாம்புக்குத் தீனி, ஐஸில் உறைய வைத்த எலி. பொட்டலமாக விற்கிறார்கள், ஃப்ரீசரில் வைத்தால் போதும் என்று நீமாஸ் சொன்னாள். என் கோழிக்கறிக்குப் பக்கத்தில் எலியா, என் உயிர் இருக்கிறவரை நடக்காது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சரியென்று ஆறு வெள்ளெலியை உயிரோடு வாங்கி, பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தில் கூண்டில் வைத்து வளர்க்கப் பழகிக்கொள்கிறேன் என்றாள், அதற்கு நான் சம்மதித்தேன். எலி இருந்தால் பாம்பு வரும் என்று எனக்குத் தெரியாதா, தெரியும், அதனால்தான் வியாழக்கிழமைதோறும் கூண்டைச் சுற்றியும் பின்வாசலிலும் இரண்டு பாக்கெட் உப்பைக் கோடு போட்டு வைத்தேன். "உப்பு போட்டா நத்தைதாம்மா சாகும், பாம்பு தாண்டிப் போயிட்டே இருக்கும்" என்று அவள் சொன்னாள். உன் பாட்டன் காலத்திலிருந்து போடுகிறோம், உனக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டேன். போன வாரம் அறுவடை நடந்தது, மெஷின் இறங்கியதும் வயலில் இருந்ததெல்லாம் குடியிருப்புப் பக்கம் ஓடிவந்துவிட்டது.

நேற்றுக் காலை பயறு ஊறப்போடத் தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். வெனிங் கூண்டுக்கு இரண்டடி தள்ளி மரம்போல நிற்கிறாள், வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு. என்னடி என்றேன். "வராதீங்கம்மா" என்றாள், சத்தமே இல்லாமல். துணி வாளிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன், கறுப்பாக, என் மணிக்கட்டுத் தடிமனில், நான் போட்ட உப்பின் மேலேயே படுத்திருந்தது, நாகம். நான் என்ன செய்தேன் தெரியுமா, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஜன்னலில் இருந்த உப்புப் பாக்கெட்டை எடுத்து ஒரு பிடி அள்ளி அதன் மேலேயே வீசினேன். சட்டென்று எழுந்து படம் விரித்தது பார். "கண்ணை மூடுங்கம்மா, விஷத்தைத் துப்பும், திரும்பாதீங்க, நான் இழுக்குற பக்கமா பின்னாடியே வாங்க" என்று உன் தங்கைதான் இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள், கதவைச் சாத்தினாள், கீழ் இடுக்கில் துண்டைத் திணித்தாள், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து வீட்டு நம்பர் வரைக்கும் நிதானமாகச் சொன்னாள். சிவப்பு வண்டி வந்தது, இரண்டு பிள்ளைகள் கொக்கிக் கம்பியோடு இறங்கி அதைப் பிடித்து டப்பாவில் போட்டார்கள். அதில் ஒருவன் தரையைப் பார்த்துவிட்டு, "உப்பு மட்டும் போட்டிருக்கீங்களே அம்மா, கூட மஞ்சளும் மிளகாயும் போட்டிருந்தா சமைச்சே கொடுத்திருப்போம்" என்றான். தெருவே சிரித்தது. எல்லோரும் வெனிங்கைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பு யாத்மிகூட, பெரியவங்களுக்கு இல்லாத நிதானம் இந்தப் புள்ளைக்கு இருக்கு என்றாள். இதுக்கு மேல என்ன பரீட்சை வேணும் உனக்கு, கொடுத்துடு என்கிறார் உன் அப்பா.

ஆனால் நான் முடிவு செய்துவிட்டேன். முடியாது என்றுதான் சொல்லப்போகிறேன். கண்ணை மூடினால் படம் விரிந்து நிற்கிறது. சின்னதோ பெரிதோ, விஷம் உண்டோ இல்லையோ, என் வீட்டில் அது வேண்டாம். அவள் அழுவாள், அழட்டும். இரண்டு வருடம் என்னோடு பேசாமல் இருந்தாலும் பத்து விரலோடு இருந்தால் போதும். எண்ணெய் காய்கிற வாசனை வருகிறது, மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை

ஜத்மிக்கோ, நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன், வேண்டாம், நான் எப்படி நினைத்தேன் என்பதும் உனக்குத் தெரியட்டும். இன்று காலையில் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன், இவள் பள்ளிச் சீருடையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். நானே இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கிறேன், அதற்குள் அவள், "அம்மா, ஒண்ணு சொல்லணும், அடிச்சாலும் பரவால்ல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் வருவதற்கு முன்னாலேயே அவள் அதைப் பார்த்திருக்கிறாள். "வால் மட்டுந்தாம்மா வாளிக்கு வெளிய தெரிஞ்சுது. சாரைன்னு நெனச்சேன். சாரைதான்னு மனசுல அடிச்சு சொல்லிக்கிட்டேன். கை போயிருச்சும்மா. ஒரு ஜாண்தான் இருந்துது. அப்புறந்தான் முழுசும் பாக்காம தொடக்கூடாதுன்னு ஞாபகம் வந்துச்சு, கையை எடுத்து இடுக்கிக்கிட்டேன். எல்லாரும் என்னைப் புகழுறாங்க, எனக்குத்தான் உள்ளுக்குள்ள எரியுது. நான் இன்னும் தயாராகலம்மா. நீமாஸ் அக்காகிட்ட வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்லுங்க." இவ்வளவும் சொல்லிவிட்டு நோட்டை என் முன்னால் வைத்தாள். முப்பத்து மூன்றாம் நாளுக்கு எதிரே, இன்று கை நீட்டினேன் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

என் கையிலிருந்த மாவு அப்படியே காய்ந்துபோயிற்று. ஒரு ஜாண் என்றதும் அறைந்துவிடத்தான் கை ஓங்கியது, அதையும் மறைக்கவில்லை உன்னிடம். ஆனால் அறையவில்லை. ஒரு செலாப்பான் முழுக்க இவள் கை நீளுமா நீளாதா என்று மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தேன். கை நீளத்தான் செய்யும், எந்தப் பிள்ளைக்குத்தான் நீளாது. அன்று உன் கை நீண்டதற்காக விரல் போகவில்லை மகனே, என்னிடம் சொல்லப் பயந்து ஒரு முழு ராத்திரி நீ வாயை மூடிக்கொண்டிருந்ததால் போயிற்று. உன்னைச் சொல்லப் பயப்படுகிற மாதிரி வைத்திருந்தவள் நான்தான். அதை நினைத்து அடுப்படியிலேயே அழுதேன், வெனிங் பயந்துவிட்டாள். அப்போதுதான் உன் விரல் கதையை உள்ளபடி அவளுக்குச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அவள், "அண்ணன் அன்னிக்கு ராத்திரி எவ்வளவு வலியோட படுத்திருந்திருப்பான்" என்று மட்டும் கேட்டாள்.

நாளைக்கு ஓண்டே நம் வீட்டுக்கு வருகிறது. கை நீண்டதை மறைக்காமல் வந்து சொல்கிற பிள்ளையை நம்பிக் கொடுக்கலாம், சரி என்று நானேதான் நீமாஸுக்குப் போன் செய்து சொன்னேன். வெள்ளெலிகளை அந்தப் பெண்ணே எடுத்துக்கொள்வாள், இனிப் பின்கட்டில் உயிருள்ள எலி கிடையாது, ஃப்ரீசரில் கீழ்த்தட்டு அதற்கு, மேல்தட்டு எனக்கு, நடுவில் ஒரு பலகை வைத்துத் தருவதாக உன் அப்பா ஒத்துக்கொண்டார். அது இருபது முப்பது வருடம் உயிரோடிருக்குமாம், இவள் படிக்கவோ கட்டிக்கொண்டோ போய்விட்டால் யார் பார்ப்பது என்று கேட்டேன், கூடவே கொண்டுபோவாளாம், வேண்டாம் என்கிற மாப்பிள்ளையை வேண்டாம் என்பாளாம். பயம் தீர்ந்ததா என்றால் தீரவில்லை. பெட்டிக்கு இரண்டு கொக்கி போடச் சொல்லியிருக்கிறேன், என் படுக்கையறைக் கதவுக்கு மூன்று.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன மாதம் நீ பேசினபோது சாப்பாடு நல்லா இருக்கு, கேப்டன் நல்லவர், வேலை ஒண்ணும் கஷ்டமில்லை என்றாய். நல்லா இருக்கு என்கிற அந்தக் குரலை நான் முன்பே ஒருதடவை கேட்டிருக்கிறேன், துணி சுற்றும்போது ஒண்ணுமில்லம்மா என்று சொன்ன அதே குரல். அன்று நம்பினேன். இன்று உன் தங்கை வந்து எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போன பிறகு என்னால் நம்ப முடியவில்லை. அங்கே யாராவது அடிக்கிறார்களா, தூங்க விடுகிறார்களா, கையில் காயம் பட்டதா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுக்கடலில் இருக்கிறவனுக்கு அம்மா என்ன செய்துவிடப் போகிறாள் என்று நினைக்காதே. எதையாவது செய்வேன். திட்ட மட்டும் மாட்டேன்.

காதில் பஞ்சு வைத்துக்கொள், ஈரக் காலுறையோடு படுக்காதே, வாஹ்யூவிடம் பதில் கொடுத்தனுப்பு. இருக்கும் ஒன்பது விரலையும் உன்னையும் இறைவன் கரை சேர்க்கட்டும். மறந்துவிடாதே, நலம் என்று ஆரம்பிக்கிற கடிதம் எனக்கு வேண்டாம். என்ன நடந்ததோ அதிலிருந்தே ஆரம்பி.

உன் வரவுக்கும் உன் வார்த்தைக்கும் காத்திருக்கும்
அம்மா,
சுவர்சி