பிரின்சி வண்டியும் சூசை மேஸ்திரி மகனும்

என் உசிரோட கலந்த ரீத்தா அய்யாவுக்கு,

நீங்க கர்த்தர்கிட்டப் போய் நாலு வருசத்துல நம்ம பேரப்பிள்ளைகள் என்னென்ன ஆனாங்கன்னு முதல்ல சொல்லிடுறேன். மூத்தவன் ஆன்டோ நர்சிங் முடிச்சு மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில வேலை பாக்குறான். சின்னவ ஜெனி கணக்குல பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க்கு. நடுவுல உள்ள பிரின்சி, உங்க மடியில ஏறிப் படகு ஸ்டியரிங்கைத் திருப்புவாளே, இப்ப தூத்துக்குடியில கப்பல் கம்பெனியில ஆபீசரு. போன கிறிஸ்துமசுக்குக் காரும் வாங்கிட்டா. நம்ம தெருவுக்குள்ள ஒரு பொம்பளைப்பிள்ளை ஓட்டிவந்த முதல் கார் அதுதான்.

சனிக்கிழமை ஆனா சாயல்குடி வழியா என்னைப் பாக்க வந்துருவா. ஒரு கை மாறுன வண்டிதான். அதுல குரூஸ் கன்ட்ரோல்னு ஒண்ணு இருக்கு. ஸ்டியரிங்குல ஒரு பட்டனை அமுக்கிட்டு காலை எடுத்துட்டாலும் வண்டி அதே வேகத்துல போகுமாம். எனக்கு அப்பவே நம்பிக்கை இல்ல. மிதிக்காம போற வண்டியை யாரு ஓட்டுறது?

நினைச்ச மாதிரியே ஆச்சு. ஈஸ்டருக்கு அப்புறம் அது படுத்துக்கிச்சு. சில நாள் பிடிக்கும், சில நாள் பட்டனை அமுக்குன உடனே விட்டுரும். வித்தவன் ஏதோ மறைச்சுட்டான்னு நான் சொன்னேன். "இன்னைக்கு இது போச்சு, நாளைக்கு என்ன போகுமோ. வண்டியைக் குடுத்துட்டு பஸ்ல வா"ன்னு நம்ம மக ரீத்தா பிரின்சிகிட்டச் சொல்லிட்டா. பஸ்ஸுன்னா மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவா. எனக்கு வாரத்துல இருக்கிறதே அந்த ஒரு நாள்.

மண்டபத்துல நல்ல மெக்கானிக்குன்னு பிரின்சி சொன்ன ஆளு யாருன்னு நினைக்கிறீங்க? சூசை மேஸ்திரி மகன் அருள். நம்ம படகு இஞ்சின்ல டீசல் பீச்சுற புது நாசிலைக் கழட்டிட்டுப் பழசை மாட்டிட்டாருன்னு, கண்ணை மூடுற வரைக்கும் நீங்க முகம் பாக்காத அதே மேஸ்திரி. விடுவேனா? நானும் கூடப் போனேன். ஷெட்டு வாசல்ல அவனுக்கு நேரா ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன்.

"அம்மாச்சி, வெயிலடிக்குது. உள்ள நிழலுக்கு வாங்க."

"இங்கன இருந்தாத்தான் உன் கை தெரியும்."

சிரிச்சான். டீ வாங்கிக் குடுத்தான். என் வாயை அடைக்கத்தான்னு தொடவே இல்ல. ஒரு சின்னப் பெட்டியை வண்டியில சொருகிப் பாத்துட்டு, "யாரோ பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காங்கன்னு காட்டுது. பிரேக்கை மிதிச்சா குரூஸ் விட்டுரும், அதான் முறை"ன்னான். சீட்டுல ஒருத்தரும் இல்ல.

"அம்மாச்சி, பின்னால போய் சிவப்பு லைட்டு எரியுதான்னு பாருங்களேன்."

என்னைப் பின்னால அனுப்பிட்டு முன்னால எதைக் கழட்டப் போறானோ? "ஏலே, நீயே போய்ப் பாரு. நான் இங்கனயே இருக்கேன்."

பிரின்சிக்கு முகம் செத்துப்போச்சு. அவளே போய்ப் பாத்தா. "எரியுதுண்ணே."

அருள் டார்ச்சை எடுத்துக்கிட்டு பெடலுக்கு அடியில தலையைக் குடுத்து மல்லாந்து படுத்தான். வெளிய வந்த கையில கறுப்புக் கயிறு, அதுல அந்தோணியார் மெடல்.

உங்க படகு ஸ்டியரிங்குல கெடந்ததுதாங்க. குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு, பிரின்சி குளிக்கப் போன நேரம் பாத்து, பிரேக் பெடல் தண்டுல நான்தான் கட்டுனேன். பிள்ளை மிதிக்கும்போது நீங்களும் கூட மிதிப்பீங்கன்னு ஒரு நினைப்பு. அது ஆடி ஆடி, பெடல் மேல வந்து முட்டுற இடத்துல போய் மாட்டியிருக்கு. மெடல் தடிமனுக்குப் பெடல் முழுசா மேல ஏறல, அதான் யாரோ மிதிச்ச மாதிரியே காட்டியிருக்கு.

"குரூஸ் போனது பெருசில்ல"ன்னான் அருள். "எந்நேரமும் பின்னால லைட்டு எரிஞ்சா, இவ நெசமா பிரேக் போடுறது பின்னால வாற லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? யாரு கட்டுனது இது?"

நான் ரோட்டைப் பாத்துக்கிட்டு, "வித்தவன் கட்டியிருப்பான்"னேன்.

அவன் ஒரு சாமானும் மாத்தல. மெடலைத் துடைச்சு என் கையில குடுத்தான். பிரின்சி பக்கத்துலதான் நின்னா, அவகிட்டக் குடுக்கல. தெரிஞ்சுதான் குடுத்தானோ?

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த நாசிலை மேஸ்திரி மாத்துனதை நீங்க கண்ணால பாத்தீங்களா? இல்ல, நான் அருளைப் பாத்த மாதிரித்தான் பாத்தீங்களா?

கல்லறைத் திருநாளுக்கு நம்ம கோயில் பங்குப் பத்திரிகையில போடச் சொல்லி இதைக் குடுக்கிறேன். எல்லாரும் படிக்கட்டும். அருளும் படிக்கட்டும். வித்தவன் கட்டல, நான்தான் கட்டுனேன். இனிமே அந்த வண்டியில ஒரு பூ வைக்கிறதா இருந்தாலும் பிரின்சிகிட்டக் கேட்டுத்தான் வைப்பேன். இது உங்களுக்குக் குடுக்கிற வாக்கு. மெடல் இப்ப உங்க படத்துலதான் தொங்குது.

பிரின்சி, நீயும் இதைப் படிப்ப. வண்டியோட நின்னு புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்புத்தா. போன்ல வேணாம், அய்யா படத்துக்குக் கீழ ஒட்டணும். அருளையும் கூட நிக்கச் சொல்லு. வண்டியோட பின்பக்கம் தெரியுற மாதிரி எடு. லைட்டு அணைஞ்சிருக்கான்னு நான் ஒருக்கா பாத்துக்கிறேன்.

உங்க வீட்டுக்காரி,
பிரின்சியோட அம்மாச்சி
பாம்பன்