ஜோடிக்கு ஒரே கணக்கு

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாமல் இருக்கிறீர்களா?

இங்கே ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு மின்சார லோடு கணக்கிடுகிறேன். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. நான் மட்டும் வரைபடத்தில் அதன் ஆறு மாடியிலும் உலவுகிறேன். ஒவ்வொரு பிளக் பாயிண்டாக எண்ணும்போது, அங்கே யாரோ போனைச் செருகிவிட்டு ஜன்னலைப் பார்ப்பது போலத் தோன்றும். நானும் கூடவே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

அந்த மயக்கத்தில் ஒரு தப்பு. இந்த நாட்டு விதிப்படி, சுவரில் ஒரே தகட்டில் இரண்டு பாயிண்ட் ஜோடியாக இருந்தாலும் ஒன்றுக்கான லோடுதான் போட வேண்டும். நான் தனித்தனியாகப் போட்டு மொத்தத்தை இரட்டிப்பாக்கிவிட்டேன். சரிபார்க்கும் இன்ஜினியர் நம் மொழிக்காரர். சிரித்துவிட்டார்.

"ஒத்தையா இருந்தாலும் ஜோடியா இருந்தாலும் ஒரே கணக்குதான், மேடம். ஜோடியையெல்லாம் இப்படிப் பிரிச்சு வெச்சிருக்கீங்களே, பாவம் இல்லையா?"

"பழக்கதோஷம், சார்."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

எல்லாக் கணக்குத் தாளையும் மறுபடி போட வேண்டும். அதனால் பத்தாம் தேதி ஊருக்கு வர இருந்த லீவு ஒரு மாதம் தள்ளிப் போகிறது. பெரிய விஷயமில்லை, டிக்கெட்டை மாற்றிவிட்டேன்.

என் நீலப் போர்வையை வெயிலில் போட்டு எடுத்து வையுங்கள். மூக்குக்கண்ணாடிச் சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். மதிய இடைவேளை முடிகிறது, அவசரமாக இன்னொன்று: கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே தகட்டில் இருக்கும் இரண்டு பாயிண்டில் என்னுடையதில் எதையும் செருகாதீர்கள். காலியாகவே இருக்கட்டும். நீங்கள் மட்டும் செருகினாலும் கணக்கு இருவருக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் வீட்டுக்காரி