பிஸ்டனில் ஒரு கோடு கூட இல்லை

திருவிடைமருதூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ராஜ்குமார் அண்ணாவுக்கு,

கொக்கு வண்டியின் இன்ஜினைப் பிரித்துவிட்டேன் அண்ணா, பிஸ்டன் பளபளவென்று இருக்கிறது, ஒரு கீறல் இல்லை, ஒரு கோடு கூட இல்லை, இன்ஜின் ஜாம் ஆகவே இல்லை, இப்ராஹிம் அண்ணன் விழுந்தது நீங்கள் மாட்டிய ஜெட்டால் இல்லை.

இந்த வரியோடு மடித்து வைத்துவிடாதீர்கள். முழுக்கப் படியுங்கள். நான் செம்மொழி, மேலத்தெரு தியாகராசன் மகள். உங்கள் வீடியோ ஒவ்வொன்றுக்கும் கீழே முதல் ஆளாக வந்து கேள்வி கேட்டு உயிரை வாங்கியவள். "ஏ கமெண்ட்டு, உனக்கு வீட்டுல வேற வேலையே கிடையாதா" என்று கேட்பீர்களே, அவளேதான்.

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி. ஆனால் நீங்கள் குரூப்பை விட்டுப் போய்விட்டீர்கள், சேனலை மூடிவிட்டீர்கள், நம்பரையும் மாற்றிவிட்டீர்கள். புது நம்பர் உங்கள் அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை யாருக்கும் தரக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறீர்களாம். அட்ரஸைத் தரக்கூடாது என்று சொல்லவில்லையே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உங்கள் ஓசூர் விடுதியின் விலாசத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா நன்றாக இருக்கிறார்கள். இருமல் மட்டும் பனிக்கு விடவில்லை. சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. சம்பா இந்த வருஷம் பரவாயில்லை, கடைசியில் வந்த மழையில் பள்ளக்கொல்லை மட்டும் சாய்ந்துவிட்டது. நீங்கள் அங்கே பெட்டி அடுக்கும் வேலையில் இருப்பதாக அம்மா சொன்னார்கள். ஸ்பேனரையே கையில் தொடாத வேலையாகப் பார்த்துக் கேட்டு வாங்கினீர்களாம். மருந்தடிக்கிற மிஷினின் இன்ஜினை சைக்கிளில் ஏற்றி, கொக்கு என்று பேர் வைத்து, புல்லட்டை ஓரம் கட்டிய கை அது.

வண்டி என் கைக்கு வந்த கதையைச் சொல்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் இருந்து உங்கள் அம்மா கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தபின் மாட்டுக் கொட்டகை மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். போன வாரம் பழைய இரும்புக்காரர் வந்தார். அம்மா உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். எடைக்குப் போட்டுவிடச் சொன்னீர்கள். சரி என்று சாக்கை விலக்கியிருக்கிறார்கள், அதற்கு மேல் முடியவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நீயே எடுத்துக்கிட்டுப் போயிடு. இன்னொரு தரம் என் கண்ணுல படக்கூடாது" என்றார்கள். தள்ளிக்கொண்டு வந்தேன். முன்சக்கரம் கோணி, தெருவெல்லாம் இழுத்துக்கொண்டே வந்தது.

எங்கள் மாட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். பிரிக்கும்போது வீடியோ எதுவும் எடுக்கவில்லை. இது காட்டுவதற்கு இல்லை.

உங்கள் கணக்கு எனக்கு மனப்பாடம் அண்ணா. போன காணும் பொங்கல் பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம், வேகம் இன்னும் ஏறட்டும் என்று கார்புரேட்டரில் சின்ன ஜெட்டை மாட்டினீர்கள். விடிந்தால் ஒரே பனி. குளிர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும், சின்ன ஜெட் அதைக் கொடுக்காது, சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரைப் பிடிக்கும், கிளட்ச்சைக் கழற்றிவிட்ட வண்டி என்பதால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். எல்லைக் கோட்டில் நின்ற எல்லாருக்கும் சத்தம் படக்கென்று நின்றது கேட்டது. பனியில் வண்டி தெரியவில்லை, சத்தம்தான் நின்றது. நீங்கள் "புடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓடினீர்கள். அதைத்தான் போலீஸிடமும் சொன்னீர்கள், இப்ராஹிம் அண்ணனின் அக்கா ஷமாவிடமும் சொன்னீர்கள், அப்புறம் ஊரை விட்டும் போனீர்கள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு நடந்தது அது இல்லை.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. பிளக் கொஞ்சம் வெளுத்திருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஜெட் சின்னதுதான், இன்னும் இரண்டு பந்தயம் ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பிடிக்கவில்லை. சிலிண்டரைத் தூக்கினேன். ஒரு நட்டு சாணிக்குள் விழுந்துவிட்டது. பிஸ்டன் நீங்கள் மாட்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ரிங் இரண்டும் விரலால் தள்ளினால் அசைகின்றன. சிலிண்டர் சுவரில் நீங்கள் ராவிய ராவல் அப்படியே தெரிகிறது.

சமாதானத்துக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். அதனால்தான் பிஸ்டனையும் இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். ஜன்னல் ஓரமாக வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது சுவிட்ச். இன்ஜினை நிறுத்துவதற்கு ஹேண்டிலில் இப்ராஹிம் அண்ணன் வீட்டு லைட் சுவிட்ச் ஒன்றைப் பிடுங்கி வைத்துக் கட்டியிருந்தாரே, நீங்கள் கூட "ஃபேன் ரெகுலேட்டரையும் வச்சிக்கடா மாப்ள" என்று கிண்டல் செய்தீர்களே, அது ஆஃபில் இருக்கிறது. அதன்மேல் சேறு காய்ந்து அந்த நிலையிலேயே இறுகிப்போயிருக்கிறது. சத்தத்தை நிறுத்தியது ஜெட் இல்லை, அவருடைய விரல். எதையோ பார்த்து அவரேதான் நிறுத்தியிருக்கிறார்.

எதைப் பார்த்தார் என்பதும் இன்ஜினைக் குளிர வைக்கிற காற்றாடியின் மூடியைத் திறந்தபோது தெரிந்தது. அதை இப்போது எழுத முடியவில்லை. அப்பாவிடம் ஒன்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

புதன்கிழமை.

அண்ணா, கேட்டுவிட்டேன்.

காற்றாடி மூடிக்குள் நெல் இருந்தது. கை நிறைய. விழுந்து சறுக்கிய வேகத்தில் அள்ளி அடைத்திருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் அந்தத் திறக்காத பைபாஸில் நாம் எல்லாரும் சேர்ந்து நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் முன்னால், இப்ராஹிம் அண்ணன் உங்கள் தோளில் கை போட்டுக்கொண்டு, பின்னால் நாங்கள். கல்லைப் பொறுக்கினோம், ஆணியைப் பொறுக்கினோம், உடைந்த பாட்டிலைக்கூட விளக்குமாறு வைத்துக் கூட்டினோம். பாதி ரோட்டை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது, யாருடையது என்று நான் கூடப் பார்க்கவில்லை. அங்கே வந்ததும் "மிதிக்காம வாங்கடா, சோறு" என்று இப்ராஹிம் அண்ணன்தான் சொன்னார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போனோம். ஒருவருக்கும் தோன்றவில்லை அண்ணா. கல்லும் ஆணியும் இடைஞ்சல் என்று தெரிந்த நமக்கு, நெல்லும் இடைஞ்சல் என்று எப்படித் தோன்றும்? அறுவடை மாசத்தில் ரோடு என்றால் நெல்லும் சேர்ந்ததுதானே.

பனியில் கிட்டே வந்த பிறகுதான் அவர் பார்த்திருப்பார். ஏறக்கூடாது என்று நிறுத்தினாரா, பயந்து நிறுத்தினாரா, எனக்குத் தெரியாது. இன்ஜினைப் பிரித்து நான் கண்டுபிடிக்கக்கூடியது இவ்வளவுதான்.

ரோட்டில் யார் நெல்லும் கிடக்கும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் மூடிக்குள் இருந்தது கறுப்புக் கவுனி. அந்த வருஷம் இந்தப் பக்கத்தில் கவுனி போட்டது எங்கள் அப்பா ஒருவர்தான்.

நெல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அப்பா வாய்க்காலில் மடை கட்டிக்கொண்டிருந்தார். கையைப் பார்த்தார், எங்கே இருந்து எடுத்தாய் என்று கேட்கவே இல்லை. மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கே பாத்தேம்மா. நெல்லுல டயரு போன தடம் கெடந்துச்சு. எல்லாரும் அந்தப் புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க, நான் குனிஞ்சி நெல்ல அள்ளிக்கிட்டு இருந்தேன். யாராச்சும் கேப்பாங்கன்னு இருந்தேன். ஒருத்தரும் கேக்கல. ராஜ்குமாரு நான்தான் நான்தான்னு அழுதுகிட்டு நிக்கிறான். நான் வாய மூடிக்கிட்டேன்."

இவ்வளவுதான் சொன்னார். கவுனிக்கு விலை இல்லை, அதனால் இந்த வருஷம் போடவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார். நாங்களும் நம்பினோம்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவராகவே சட்டையைப் போட்டுக்கொண்டு, "ஷமாவப் பாத்துட்டு வரணும், கூட வரியா" என்றார். தெரு முனையில் ஒரு தடவை நின்றார். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

ஷமா அக்கா தையல் மிஷினில் இருந்தார்கள். அப்பா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அக்கா மிஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே கேட்டார்கள். ஜாக்கெட் கையை முடித்து நூலை அறுத்தபிறகுதான் நிமிர்ந்தார்கள்.

"மன்னிப்பு கின்னிப்புன்னு என்கிட்ட கேட்டுடாதீங்க மாமா. அது என்கிட்ட இல்ல. எப்ப வரும்னும் தெரியல. தம்பி போனதுலேர்ந்து ரெண்டு பேரு இந்த வாசப் பக்கமே வரல. ஒருத்தரு இப்ப நிக்கிறீங்க. இன்னொருத்தன் எங்க?"

ஓசூரில் என்று நான் சொன்னேன்.

"வரச் சொல்லு. எல்லாரும் அவன் எப்படி விழுந்தான்னுதான் சொல்றாங்க. எப்படி ஓட்டுனான்னு ஒருத்தரும் சொல்லல. நான் ஒரு நாளும் வந்து பாத்ததில்ல, வண்டியத் தொட்டாலே திட்டிக்கிட்டுல்ல இருந்தேன். அதச் சொல்ல ராஜ்குமாரு ஒருத்தன்தான் இருக்கான்."

அப்புறம் எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது அப்பாவிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். அப்பா இரண்டு செம்பு குடித்தார்.

இப்ராஹிம் அண்ணனுக்கு வருஷ பாத்திஹா ஓதுவது அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறது. அவர்களுக்குப் பிறைக் கணக்கு என்பதால் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. அப்பா வருவார். எல்லார் முன்னாலும் சொல்வதாக இருக்கிறார். நீங்களும் வந்தால் சொல்ல வாய் வரும், வராவிட்டால் எப்படியோ தெரியவில்லை என்கிறார். அவருக்காக நீங்கள் வரவேண்டாம். அவரைத் திட்டுவதற்காகவாவது வாருங்கள். நான் குறுக்கே வரமாட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம் போனில் அம்மாவிடம், கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற உங்கள் மோதிரத்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடச் சொன்னீர்களாம். டூல்ஸ் எல்லாவற்றையும் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கச் சொன்னீர்களாம். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யட்டுமா என்றும் கேட்டீர்களாம். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு அது சந்தோஷமான பேச்சாகப் படவில்லை அண்ணா. அன்றைக்கே உட்கார்ந்து இன்ஜினைப் பிரித்ததற்கும் அதுதான் காரணம். பிஸ்டனில் கோடு விழுந்திருந்தாலும் உங்களுக்கு எழுதியிருப்பேன். அப்போது என்ன எழுதியிருப்பேன் என்று தெரியாது, ஆனால் எழுதியிருப்பேன்.

உங்கள் அறையில் திருவையாற்றுக்காரர் ஒருவர் இருக்கிறாராமே, பஞ்சநதம் என்று. அம்மா சொன்னார்கள். இந்தக் கடிதத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். வெட்கப்பட வேண்டாம், நம் பக்கத்து மனுஷர்தான், நெல் ரோட்டில் காய்வதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. படித்துவிட்டு அவர் உங்களுடன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். பேசக்கூட வேண்டாம்.

என் நம்பரைப் பார்சல் அட்டையில் எழுதியிருக்கிறேன். நீங்கள் கூப்பிட்டாலும் சரி, அவர் கூப்பிட்டாலும் சரி, ஒரு மிஸ்டு கால் போதும். எந்த நேரமானாலும் எடுப்பேன். ஊருக்குக் கிளம்பினால் அவரையும் பஸ்ஸில் கூடவே அழைத்து வந்துவிடுங்கள். தனியாக வரவேண்டாம், தனியாக இருக்கவும் வேண்டாம். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் எல்லாரும் வந்து நிற்போம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
செம்மொழி