புருவத்தால் சொன்ன ஆமாம்

ஸலேலோலோகா, சமோவா,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் லனுவோலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதிவிட்டு மேலே போக எனக்கு மனசு வரவில்லை. நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன், சுகம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டது அந்தக் காது பரிசோதகர் ஒருவர்தான். போனில் பேசலாம் என்றால் அதில் வரும் என் குரலே உனக்குக் காதில் ஆணி இறக்குவது போல இருக்கிறது என்று லோசா அத்தை சொன்னாள், என் குரல் அப்படித்தான், அதனால் பேனாவை எடுத்தேன். இதைப் படம் பிடித்து அத்தைக்கு அனுப்புகிறேன், அவள் அச்சடித்து உன் கையில் கொடுப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். விடுதிச் சாப்பாட்டு அறையில் கரண்டி தட்டில் படுகிற சத்தத்துக்கு நீ காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியதும், பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரி வார்டில் தள்ளுவண்டி வந்தபோது சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதும், அந்த வார்டன் அம்மாவுக்குத் திமிராகத் தெரிந்திருக்கிறது. டாக்டர் தாள் இருந்தால் தனி ஏற்பாடு, இல்லையென்றால் மாத முடிவில் நர்ஸிங் படிப்பு இடம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் தாள் கேட்டதில் எனக்குக் கோபமில்லை, கேட்கத்தான் வேண்டும். கோபமெல்லாம் அந்தத் தாளை எழுதிய லட்சணத்தின் மேல்தான். நீ காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறாய், அவர் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய் ஒவ்வொரு தடவையும் தாங்க முடியவில்லையா என்று கேட்கிறார், கடைசியில் உச்சச் சத்தம் வரைக்கும் நோயாளி எந்த மறுப்பும் சொல்லவில்லை, காதில் குறையில்லை, சத்தம் தாங்காத மிகை உணர்வும் இல்லை என்று எழுதுகிறார். படித்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. லோசாவைக் கூப்பிட்டு, நீ அந்த அறையில்தானே இருந்தாய், என்ன நடந்தது என்று கேட்டேன். "ஐயோ அண்ணே, புள்ள நல்லாத்தான் பதில் சொல்லிச்சு, மூணாவது சத்தத்துலேருந்து ஒவ்வொண்ணுக்கும் புருவத்த தூக்கிட்டே இருந்துச்சு, நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள். அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை பார், நம் ஆட்கள் எவருக்கும் வராது. அப்படியென்றால் அந்த ஆள் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "அதான் எனக்கும் புரியல, கல்நெஞ்சுக்காரன்னு நெனச்சுக்கிட்டேன்" என்கிறாள்.

உடனே அந்த மனிதருக்குப் போன் போட்டேன். சத்தம் ஏறும்போது என் மகளின் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். "கொஞ்சம் ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்துச்சு சார்" என்றார். ஆச்சரியமாம்! என் மகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள், இவர் அதைப் பார்த்து, பொண்ணு சத்தத்தை ரசிக்கிறாள் என்று குமிழைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார். சமோவாவில் பிறந்த எவரிடமும் கேளுங்கள், புருவத்தைத் தூக்கினால் ஆமாம் என்று அர்த்தம், கடையில் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டாலும் கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார், புருவம்தான் என்று சொன்னேன். "அதெல்லாம் எங்க படிப்புல இல்லையே சார்" என்றார். படிப்பில் இல்லாவிட்டால் கேட்க வேண்டாமா? எப்படிச் சைகை காட்டுவாய் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளாத பரிசோதனை என்ன பரிசோதனை? நான் ரேடியோ நிலையத்தில் மைக் சரிபார்க்கிறவன், சின்னச் சத்தத்தையும் பிடிக்கிறதா என்பது ஒரு சோதனை, எந்த அளவில் சத்தம் உடைந்து கரகரக்கிறது என்பது வேறு சோதனை, முதலாவதில் தேறிய மைக் இரண்டாவதிலும் தேறும் என்று நான் எழுதிக் கொடுத்தால் என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு லோசா உன்னிடம், ஏன்டி வாயால சொல்லல என்று கேட்டாளாம். "சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் அத்தை, அவரு நிறுத்தல, அப்ப தாங்கிக்கிறதுதான் பரீட்சைன்னு நெனச்சேன்" என்றாயாம். லனு, இதை மட்டும் கேள். அது பரீட்சையே இல்லை. தாங்கிக் காட்டினால் மார்க் போடுகிற இடமும் அது இல்லை.

நான் விடவில்லை. வியாழக்கிழமை காலை அதே இடத்தில் வேறொரு அம்மா உனக்கு மறுபடி பரிசோதனை செய்கிறார், பேசி முடித்துவிட்டேன். அவர் நிதானமானவராகத் தெரிகிறார், மிஷினைத் தொடும் முன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன் என்றார். எந்தெந்தச் சத்தம், எப்போதிலிருந்து, காதில் வலியா, பயமா, எரிச்சலா, மூன்றும் வேறு வேறு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியமும் வேறு என்றார். அதனால் எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்பாதே, கரண்டிச் சத்தத்துக்கு வலி என்றால் வலி என்றே சொல், யாரோ மெல்லுகிற சத்தத்துக்குக் கோபம் வந்தால் கோபம் என்றே சொல், மெல்லுகிறவள் உன் லோசா அத்தையே ஆனாலும் சரி. காதில் பஞ்சு அடைப்பானை நாள் முழுக்க வைத்திருக்காதே, சும்மா இருக்கிற அறையிலும் அடைத்துக்கொண்டிருந்தால் காது இன்னும் சின்னச் சத்தத்துக்கும் துள்ள ஆரம்பிக்கும் என்றார், இரைச்சலான இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்.

இங்கே சங்கதி என்றால், கோயில் வாசல் மரத்தில் மணிக்குப் பதில் தொங்குகிறதே காலி கேஸ் சிலிண்டர், அதை அடித்தால் நீ சின்ன வயதில் கடற்கரைக்கே ஓடுவாய், ஜெபத்துக்குப் பயந்த பெண் என்று பேசினார்களே, அந்த அடிக்கும் கம்பியில் பழைய டயரை வெட்டிச் சுற்றிவிட்டேன். போதகரின் மனைவி, "என்ன பெசமினோ, சாமிக்கே காது கேக்காம பண்ணிட்டியா" என்றாள். சாமிக்குக் கேட்கும், என் மகள் லீவுக்கு வரும்போது ஓடாமல் இருந்தால் போதும் என்றேன். அம்மா உனக்குக் கோகோ வறுத்து இடித்து வைத்திருக்கிறாள், வீட்டுக்குள் இடித்தால் உன் நினைப்பு வருகிறதாம், தோட்டத்துக் கோடியில் போய் இடித்தாள்.

வியாழக்கிழமை லோசா வெளியே உட்காரட்டும். அவள் கூட இருந்தால் நீ முகத்திலேயே பேசிவிடுவாய், அவளும் புரிந்துகொண்டு தலையாட்டுவாள், கதை பழையபடி ஆகும். கையைத் தூக்கு, வாயால் போதும் என்று சொல். பெரியவர்களை நிறுத்தச் சொல்வது மரியாதையில்லை என்று உனக்குத் தோன்றும், உன் அப்பன் சொல்கிறேன், மரியாதைதான். முதல் சத்தத்திலேயே தாங்கவில்லையென்றால் முதல் சத்தத்திலேயே சொல்.

கடவுள் உன் பக்கம் இருப்பார், நாங்களும் இருக்கிறோம். இதைப் படித்ததும் சரி என்று ஒரு வரி எழுதி அனுப்பு. புருவத்தைத் தூக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதே, எனக்கும் இங்கிருந்து தெரியாது.

உன் அப்பா,
பெசமினோ