எழுத்துக் கரையாத சோப்பு

கிழக்குத் தாம்பரம்,
14-9-1968

அன்புள்ள தம்பி எட்மண்டுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பம்பாயில் மழை விட்டதா? உன் அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மகள் மெட்டில்டா சம்பந்தமாகத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் குரோம்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் தனசிங், உங்கள் பம்பாயில்தான் ஒரு கம்பெனியில் ஆபீசராம். பத்திரிகைப் பின்னட்டையில் நடிகை கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரிப்பாளே, அந்த ரோஜா நிறச் சோப்பை அவர்களுக்காக வாங்கி வைத்தேன். சீமாட்டிகளின் மேனிக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். நாங்கள் குளிப்பதென்னவோ சிவப்புச் சோப்பில்தான். பலகாரம் சாப்பிட்டுக் கை கழுவப் போன பையனின் அம்மா தபீதாள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்றைக்குத்தான் பிரித்தீர்களா, எழுத்துக்கூடக் கரையவில்லையே என்றாள். என் மானமே போயிற்று. முதல் நாளே நாலு தரம் தேய்த்து வைக்கத் தோன்றவில்லை பார், என் புத்தியைச் சொல்ல வேண்டும்!

ஆனாலும் பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். நேற்று நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கை கழுவப் போனால், அடப்பாவமே, அங்கேயும் அதே சோப்பு, அதே எழுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை! அப்போதிருந்து எனக்கு எதிலும் நம்பிக்கையில்லை. கூடத்து ரேடியோ யாருடையது? சோபா இரவலா? என்ன ஆபீசர் என்று கேட்டால், பெரிய பொறுப்பு என்கிறாள் தபீதாள். உன் அத்தானோ, ஒரு சோப்பை வைத்துக் கல்யாணத்தை நிறுத்துவாயா என்று என்னையே கோபிக்கிறார்.

மெட்டில்டாவோ பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் பாடிக்கொண்டே கிளம்புகிறாள். எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், இப்போதுதான் பாடுகிறாள். அந்தப் பாட்டை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிப்பார்கள். அதற்குள் நீ அந்தக் கம்பெனிக்கு நேரில் போய் விசாரித்து எழுது. விலாசம் பின்பக்கம் இருக்கிறது. குமாஸ்தாவாக இருந்தாலும் பரவாயில்லை, பொய் மட்டும் இருக்கக் கூடாது.

ஒரு வேளை அவனையே பார்க்க நேர்ந்தால், பேச்சுவாக்கில் மெட்டில்டாவின் வயதைக் கேட்பான். இருபத்துநான்கு என்று சொல்லியிருக்கிறோம். நீ தூக்கி வளர்த்த பிள்ளை, வாய் தவறி முப்பது என்று சொல்லிவிடாதே, ராஜா.

கர்த்தர் உன்னையும் அவளையும், முடிந்தால் என்னையும், காப்பாராக.

உன் அக்காள்,
ரத்தினபாய்