மழைக்கு முப்பது மார்க்

ஏப்ரல் 9, புதன்

எய்யா சுண்டு, உன் போனை இன்றைக்குத்தான் பீரோவிலிருந்து எடுத்தேன். அன்றைக்கு நீ சார்ஜில் போட்டுவிட்டுப் போனது. உன் அப்பா வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. மழைப் படத்தை எப்படித் திறப்பது என்று நீ காட்டிக்கொடுத்தது கைக்கு மறக்கவில்லை. ஒரு மேகம், கீழே ஒரு எண். பத்து என்று காட்டியது.

பத்து என்றால் பயப்பட வேண்டுமா, வேண்டாமா?

கண்ணுச்சாமி அண்ணாச்சி வந்துவிட்டுப் போனார். இந்த வருஷமும் மாந்தோப்புக் காவலுக்கு அப்பாதான் வர வேண்டுமாம். சப்பட்டை மாங்காய் நன்றாகப் பிடித்திருக்கிறதாம். பன்றி வர ஆரம்பித்துவிட்டதாம். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார்.

அதே தோப்பு. அதே ஓடை. ஓடையில் இறங்காமல் தோப்புக்குப் போக வழியே கிடையாது என்பது உனக்குத் தெரியாததா.

ஏப்ரல் 12

இருபது. அப்பா போனார். வந்தார். வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 16

பேண்டேஜ் கம்பெனி வேலைக்குப் போனேன். பேண்டேஜ் துணியைச் சுருட்டும்போது கை அது பாட்டுக்குப் போகிறது, மனசுதான் நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போனைத் திறந்தேன். நாற்பது.

"நாப்பதுன்னா என்னக்கா?" என்று மகாலட்சுமி அக்காவிடம் கேட்டேன்.

"இது தெரியாதாக்கும். ஊருல நூறு தெரு இருந்தா நாப்பது தெருவுக்குப் பெய்யும். போன வாட்டி எங்க தெருவுல தண்ணி ஓடுது, அடுத்த தெருவுல எம் மருமக வத்தல் காயப் போட்டுக்கிட்டு இருக்கா. வத்தலையாவது எங்க வீட்டுக்குக் குடுத்தாளா? இல்ல."

கணக்கு எழுதுகிற பிள்ளை கார்த்திகா சிரித்தாள். காலேஜ் முடித்தவள். "அப்படி இல்லக்கா. இன்னைக்கு மாதிரியே நூறு நாள் வந்துச்சுன்னு வைங்க. அதுல நாப்பது நாள் மழை பெய்யும், அறுபது நாள் பெய்யாது."

"நூறு நாள் வேலையாட்டி அது, ஏரியைத் தூர் வாரிட்டு அட்டையில கையெழுத்து வாங்குறதுக்கு?" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் சுண்டு. சிரித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

இன்றைக்கு மாதிரி நூறு நாளா? எனக்கு எங்கே இருக்கிறது நூறு நாள். இன்றைக்கு ஒரு நாள்தானே இருக்கிறது.

ஏப்ரல் 17

அப்பாவிடம் கேட்டேன். அவிய கணக்கு வேறு. "பத்துன்னா பத்துத் துளி போடும். அம்பதுன்னா நனையும். தொண்ணூறுன்னாத்தான் வெள்ளம். இதுக்குப் போயி ஏட்டி பயப்படுத."

சின்ன எண்ணுக்குச் சின்ன மழை. கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 21

காலையில் எண்ணைப் பார்த்தேன். அறுபது. அப்பா துண்டை எடுத்தார், நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

"ஈஸ்வரி, வழிய விடு."

"விட மாட்டேன். அறுபது போட்டிருக்கு."

"தோப்பு சும்மா கெடக்கும்ட்டி."

"கெடக்கட்டும். தோப்பு கெடக்கும். நீங்க?"

அவிய உட்கார்ந்துவிட்டார். பகல் பூராவும் வெயில். ஒரு துளி இல்லை. தரை கொதித்தது. நான் மேகத்தைப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருந்தேன். பெய்துவிடு, பெய்துவிடு என்று வேண்டினேன் — பார் சுண்டு, உன்னைத் தின்ன மழையை நானே கூப்பிட்டேன். அவியளைத் தடுத்தது சரி என்று ஆகட்டுமே என்று.

ஏப்ரல் 22

பன்றி புகுந்து கீழ்க்கிளைக் காயெல்லாம் போய்விட்டதாம். கண்ணுச்சாமி அண்ணாச்சி எதுவும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்பா துண்டை எடுத்தார். இன்றைக்கு இருபது. போய்விட்டார்.

ஏப்ரல் 27

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

போன வருஷம் அந்த நாள் நீ போனைக் காட்டினாய். முப்பது. "மழை வருமாய்யா?" என்று கேட்டேன். அந்த மாதம்தான் நீ பிளஸ் டூ பாஸாகியிருந்தாய், வாயில் எல்லாம் மார்க்குதான். "எம்மா, முப்பத்தஞ்சு எடுத்தாத்தான் பாஸு. மழை முப்பதுதான் எடுத்திருக்கு. ஃபெயிலு" என்றாய். நான் சிரித்தேன். அப்பாவுக்குச் சோற்றுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனாய்.

ராஜபாளையத்தில் அன்றைக்கு ஒரு பொட்டு மழை இல்லை. ஓடையில் வெள்ளம் என்று ஆள் வந்து சொல்லும்போது கொடியில் உன் சட்டை மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. அதனால்தான் நான் நம்பவில்லை. வெயில் அடிக்குதே, எப்படிடா வெள்ளம் வரும், வெயில் அடிக்குதே என்று அந்த ஆளையே சட்டையைப் பிடித்து உலுக்கினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. மகாலட்சுமி அக்கா சொன்னாள்.

மழை மேலே மலையில் பெய்திருக்கிறது.

மே 3

இன்றைக்கு முப்பது. அதே முப்பது.

அப்பா புறப்படவில்லை. உடம்பு சரியில்லை என்று அண்ணாச்சிக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவியளுக்கும் எண்ணைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது.

நான் பூக்கட்டினேன் சுண்டு. சாமிக்கு இல்லை. வருஷம் திரும்பாமல் கோயில் வாசலை மிதிக்க முடியாது. உனக்குப் பாலிடெக்னிக்கா ஐடிஐயா என்று அம்மன் முன்னால் ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ பொட்டலம் கட்டிப் போட்டு எடுத்தோமே. வெள்ளை வந்தது, பாலிடெக்னிக் என்று நீ குதித்தாய். அந்த மாதிரிதான். ஆனால் கார்த்திகா சொன்னது மனசில் கிடந்ததால் இரண்டு பொட்டலம் கட்டவில்லை, பத்து கட்டினேன். மூன்றில் செவ்வரளி, அது மழை. ஏழில் நந்தியாவட்டை. பேண்டேஜ் துணியில் கட்டினால் நிறம் வெளியே தெரிந்துவிடும் என்று பேப்பரில் மடித்தேன். அடுப்படித் தரையில் குலுக்கிப் போட்டேன்.

"என்னட்டி இது?"

"முப்பது. எடுங்க."

எடுத்தார். வெள்ளை. "பாத்தியா" என்றார். மறுபடி மடித்துக் குலுக்கினேன். வெள்ளை. அவிய முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. மறுபடி. வெள்ளை. "அவன் சொன்னது சரிதாம்ட்டி, இது ஃபெயில் மார்க்குதான்" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளுத்த சிவப்பு இல்லை. முப்பதுக்குத் தகுந்த சிவப்பு இல்லை. நல்ல, முழு அரளிச் சிவப்பு. முப்பதுக்கு எடுத்தாலும் அது முழுசாகத்தான் வருகிறது. தொண்ணூறுக்கு வருகிற அதே சிவப்பு.

அப்பா பூவைக் கீழே வைத்தார். "சின்ன மழையாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன் ஈஸ்வரி" என்றார். எழுந்து கொல்லைக்குப் போனார். செத்த நேரம் கழித்துத்தான் வந்தார். முகம் கழுவியிருந்தார்.

மே 4

தெரியாமல் இருந்திருக்கலாம்.

இன்றைக்குப் பத்து. பத்துப் பொட்டலத்தில் ஒன்று சிவப்பு. அதுவும் முழுச் சிவப்பு. அப்போ என்னைக்குத்தான் அனுப்ப? என்னைக்குத்தான் நான் பயப்படாம இருக்க? எண்ணே இல்லாத நாள் வருமா? பூஜ்யம் போட்டாலும் நம்ப மாட்டேன்.

"போகாதீங்க" என்றேன்.

"வீட்டுக்குள்ள கெடந்தாலும் ஏதாவது ஒரு பொட்டலம் செவப்பாத்தாம்ட்டி இருக்கும். ஓடு விழும், பாம்பு வரும். எம்புட்டுக்குப் பயந்து கெடக்க?"

போனார். நான் உன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 6

ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஓடையில் இறங்குமுன் ஒரு போன். அக்கரையேறி, தோப்பு மேட்டில் டவர் கிடைக்கிற இடத்தில் நின்று இன்னொரு போன். திரும்பும்போதும் அப்படியே. "புதுப் பொண்டாட்டி மாதிரில்லா போன் போடச் சொல்லுத" என்றார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் கேலி பேசினார்.

மே 9

போன் வந்தது. அக்கரைப் போனும் வந்தது. இருபது. நன்றாகத்தான் போகிறது. நன்றாகப் போகிறது என்று எழுதவே பயமாக இருக்கிறது.

மே 13

எழுத்து கோணலாக வரும்.

காலையில் எண் இருபது. அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தோப்புக்குப் போனார். நான் வேலைக்குப் போய்விட்டேன். அங்கே இருக்கும்போது முதல் போன் வந்தது. "இக்கரையில இருக்கேன். முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. எறங்கப் போறேன்."

அப்புறம் போன் வரவில்லை.

நான் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

"டவர் இருக்காதுட்டி" என்றாள் மகாலட்சுமி அக்கா.

"மணி போகுதுக்கா. எடுக்கல."

வெளியே வந்து பார்த்தேன். வெயில். கம்பெனி முற்றத்தில் பேண்டேஜ் துணி விரித்தபடி காய்ந்து கிடக்கிறது. மொறுமொறுவென்று. அதே வெயில் சுண்டு. அதே காய்ந்த துணி.

தவசிமுத்து அண்ணன் ஆட்டோவில் ஏறினோம். அக்காவும் வந்தாள். வாய் ஓயாத பொம்பளை, வழியெல்லாம் என் கையைப் பிடித்தபடியே வந்தாள். வீடுகள் முடிந்து தென்னந்தோப்பு விலகியதும் மலை தெரிந்தது. கீழே எங்களுக்கு வெயில், மலை உச்சியைக் காணவில்லை. கறுப்பு. அடுப்புக்கரியைப் பூசியது மாதிரி கறுப்பு. இத்தனை நாளாக நான் மலையைப் பார்க்கவே இல்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரைப் பார்க்குமுன் சத்தம்தான் கேட்டது. லாரி லாரியாகக் கல் கொட்டுகிற சத்தம். தவசிமுத்து அண்ணன் ஆட்டோவை நிறுத்திவிட்டார். நான் ஓடினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியவில்லை. உன் பேரைச் சொல்லித்தான் கத்தினேன் என்று அக்கா சொல்கிறாள்.

அப்பா இக்கரையில் மருதமரத்து வேரில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஓடை செம்மண் நிறத்தில், மரக்கட்டையும் சருகும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. போன் சட்டைப்பையில் அடித்துக்கொண்டே இருந்தது, நான்தானே அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"ஏன் எடுக்கல? ஏன் எடுக்கல நீங்க?" அவிய முதுகில் அடித்தேன். நாலு பேர் பார்க்க ஒரு பொம்பளை புருஷனை அடிப்பாளா, அடித்தேன்.

"கேக்கலட்டி. ஒரு காலை வச்சிட்டேன். தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. இந்த வெயில்ல ஏன் இம்புட்டுச் சில்லுன்னு இருக்குன்னு தலையத் தூக்குனேன். மலையக் காணோம். காலை எடுத்துட்டேன். செருப்பு நின்னுருச்சு. அத எடுக்கக் குனியிறதுக்குள்ள..."

கையால் ஓடையைக் காட்டினார். பிறகு என் கையிலிருந்து உன் போனை வாங்கினார். மேகம், இருபது. அதையும் பார்த்தார், மேலேயும் பார்த்தார்.

"இதுல ஊரு இருக்கு. மலை இல்லட்டி."

திரும்பி வந்தபோது ராஜபாளையத்தில் தெருவெல்லாம் காய்ந்தே இருந்தது. அக்காவின் மருமகள் வத்தல் அள்ளிக்கொண்டிருந்தாள்.

மே 14

இரண்டு பேரும் எங்கேயும் போகவில்லை. அவிய தூங்கினார். நான் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 17

அப்பா தோப்புக்குப் போனார். எண் என்ன என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாசலில் நின்று மேற்கே செத்த நேரம் பார்த்துவிட்டுப் போனார். ஓடைக்கரையிலிருந்து போன் வந்தது. "மலை தெளிவா இருக்கு. பாறையெல்லாம் தெரியுது. தண்ணி சுடுது. எறங்குறேன்."

பயம் போகவில்லை. ஆனால் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது.

மே 21, புதன்

உனக்குத் தெவசம் முடிந்தது. உனக்குப் பிடித்த முட்டைக்கோஸ் பொரியலை வைத்துப் படைத்தேன். எல்லாரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். கார்த்திகாப் பிள்ளை கடைசிவரை இருந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தாள். பத்துப் பொட்டலம் கட்டிப் பார்த்ததை அவளிடம் சொன்னேன். "எங்க சார் இப்படிச் சொல்லிக் குடுத்திருந்தா நான் அப்பவே புரிஞ்சிருப்பேன்க்கா" என்றாள். புரிந்து என்ன செய்ய.

மே 24, சனி

வருஷம் திரும்பிவிட்டதால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றுக் கோயிலுக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்தோம். போன் இன்றைக்குப் பத்து என்றது. படியேறும்போது மழை பிடித்துக்கொண்டது. முழு மழை. ஜனங்கள் சிரித்துக்கொண்டும் போனைத் திட்டிக்கொண்டும் மண்டபத்துக்கு ஓடினார்கள். "பத்துன்னுதானய்யா போட்டுருந்தான்" என்று ஒரு ஆள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்பாவும் ஓடவில்லை. படியில் நின்று நனைந்தோம். கீழே ஓடை எதுவும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.

மழை விட்டதும் மேற்கே மலை பூராவும் தெரிந்தது. அப்பா என்னைத் தொட்டுக் காட்டினார். இப்போதெல்லாம் எங்கே நின்றாலும் இரண்டு பேருக்கும் தலை தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது.

தோப்பில் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. அப்பா முதல் கூடையிலிருந்து ஒரு சப்பட்டை கொண்டுவந்தார். உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். வீடு முழுக்க மணக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் சுண்டு. வேறு யாரிடமும் கேட்க முடியவில்லை, அப்பாவிடம் கேட்கவே முடியாது. அன்றைக்குத் தூக்குவாளியோடு ஓடையில் காலை வைத்தாயே, தண்ணி சில்லுன்னு இருந்திருக்குமே — ஒரு தடவையாவது தலையைத் தூக்கி மலையைப் பாத்தியாய்யா?