சரோஜாவின் கட்டுரைகளும் என் பெயரும்

4-9-84, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஆறு மணி ஷிஃப்ட். ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர்ல சில்லறைக்காக வழக்கமான சண்டை. கெரசின் வாங்க மறந்துட்டேன்.

வீட்டுக்காரி சரோஜா திண்டிவனத்திலிருந்து வர லேட். பாசஞ்சர் மயிலத்துல நின்னுட்டுதாம். முகம் சரியில்லை. அவ வேலை பாக்குற மல்லாட்டை, அதான் நிலக்கடலை, ஆராய்ச்சிப் பண்ணையில மூத்த விஞ்ஞானி பதவிக்கு அடுத்த வாரம் நேர்காணல். கிடைச்சா இங்கயே இருக்கலாம். இல்லன்னா கோவில்பட்டிப் பக்கம் மாற்றல். அவ அங்க, நான் விழுப்புரத்துல.

மேலிடத்துல புதுசா ஒரு கேள்வி. உங்க கட்டுரைகளை மத்த விஞ்ஞானிகள் எவ்வளவு எடுத்துக் காட்டியிருக்காங்க? யாரோட சேர்ந்து வேலை செஞ்சீங்க?

"அத எப்டித் தெரிஞ்சிக்கிறது?"

"மெட்ராஸ் லைப்ரரியில அதுக்குன்னே தடித் தடியா புத்தகம் இருக்குங்க. யார் கட்டுரைய யார் யார் காட்டியிருக்காங்கன்னு போட்டிருப்பான். எழுத்துதான் எறும்பு மாதிரி."

ரயில்வே டைம்டேபிள் படிச்சுப் பழகின கண்ணு எனக்கு. நானும் வர்றேன்னுட்டேன். பாஸ் இருக்கு.

8-9-84, சனி. மெட்ராஸ்

லைப்ரரியில ஃபேன் சத்தம் மட்டும். ஒவ்வொரு புத்தகமும் அரிசி மூட்டை கனம். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து வரிசை. எஸ்-ல "சரோஜா பி." தேடினோம். கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின கட்டுரைங்க. சும்மா நாலஞ்சு வரி.

"அவ்ளோதான் போல"ன்னா. புடவைத் தலைப்பால கண்ணாடியத் தொடச்சிக்கினே இருந்தா.

சும்மா இருக்க முடியாம வேற புத்தகம் எடுத்து ஜி-யில புரட்டினேன். அவ்ளோ பெரிய புத்தகத்துல நம்ம பேர் இருக்கான்னு ஒரு சபலம். இருந்துச்சு! "ஞானசேகரன் எஸ்." கீழே மல்லாட்டை இலைப்புள்ளி நோய்க் கட்டுரை. அதுக்குக் கீழே வரி வரியா ஆட்கள். செனகல், ஆஸ்திரேலியா, அமெரிக்கா.

கத்திட்டேன். லைப்ரரிக்காரர் "சார், இது பஸ் ஸ்டாண்டா?"ன்னார்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கப்புறம் அவ "சரோஜா ஞானசேகரன்"னு கையெழுத்துப் போட்டா. வெள்ளைக்காரன் கடைசிப் பேரைக் குடும்பப் பேர்னு நெனச்சு என் பேர்ல சேத்துட்டான். பத்தாவதையே ரெண்டாந்தரம் எழுதித்தான் பாஸ் பண்ணவன் நான். செனகல்காரன் என்னைக் காட்டி எழுதறான்.

சிரிச்சு சிரிச்சு அவ கண்ணுல தண்ணி.

அப்புறம் எம்-ல "மாணிக்கம்". சிரிப்பு நின்னுடுச்சு. பக்கம் நெறைய வரி. அது சரோஜா யோசிச்சுப் பண்ண பெரிய வேலை. மாணிக்கம் (இனிமே மா.) அதே பண்ணையில அப்ப அவளுக்கு ஜூனியர். சேர்ந்து எழுதினதுல அவன் பேரை முதல்ல போட்டிருக்கா. இந்தப் புத்தகத்துல முதல் பேருக்குத்தான் கணக்கு.

இப்ப அதே பதவிக்கு மா.வும் மனு போட்டிருக்கான்.

"ஏன் அவன் பேர முன்னால போட்ட?"

"மழையில வயல்ல நின்னது மாணிக்கம். நான் மசக்கையில படுத்துக் கெடந்தேன்."

அந்தக் குழந்தை தங்கல.

10-9-84, திங்கள்

ராத்திரி பெஞ்ச மழையில சமையலறை ஓடு ஒழுகுது.

நேத்து மனுவுல "இது என் வேலை"ன்னு பளிச்சுன்னு எழுதச் சொன்னேன். மாட்டேன்னுட்டா. "யோசனை என்னுது, வயல் வேலை மாணிக்கத்துது. நடந்தது அதான், அப்டியே எழுதியிருக்கேன். நீங்க அவர்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது."

கேக்கக் கூடாதுன்னா பாருங்க, இன்னிக்குக் காலையில கவுன்ட்டர் எதிர்ல அவனே நிக்கிறான். ஞாயிறு சொந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர் போயிட்டு திங்கக்கிழமை இங்க வந்து வண்டி புடிப்பான்.

"அண்ணே, அக்காவும் மனு போட்டிருக்காங்கன்னு அப்புறந்தான் தெரிஞ்சிது."

"ம்."

"வீட்ல தங்கச்சி கல்யாணம் வச்சிருக்கோம்ணே."

"சில்லறை இருக்கா?"

பின்னாடி ஒரு அம்மா: "ஜல்தி குடு சார், வண்டி வந்துகினு இருக்குது!"

டிக்கெட்டை நீட்டினேன். அவ்வளவுதான்.

14-9-84, வெள்ளி. திண்டிவனம்

லீவு. நேர்காணல். பண்ணை வாசல்ல புங்கமரத்தடியில உக்காந்திருந்தேன். ரெண்டு டீ. அவளை முதல்ல கூப்பிட்டாங்க. வெளியே வந்து தண்ணி கேட்டா.

"ஞானசேகரன் யாருன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர், விழுப்புரம் ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்குறார்னேன். ஒருத்தர் சிரிச்சிட்டார்."

"பெரிய கட்டுரையப் பத்தி?"

"மனுவுல இருக்குறதச் சொன்னேன். அந்தக் கட்டுரைய மாணிக்கம் கணக்குலயே வச்சிக்கங்கன்னேன்."

எனக்குக் கோவம். அதே நிமிஷம், இவளைக் கட்டிக்கினதுக்கு நான் என்ன புண்ணியம் பண்ணேன்னு வேற. ரெண்டும் ஒண்ணாத்தான் வருது இவகிட்ட.

மா. ரொம்ப நேரம் கழிச்சு வந்தான். சட்டை முதுகுல ஒட்டியிருக்கு. நேரா எங்ககிட்ட வந்தான்.

"யோசனை யாருதுன்னு கேட்டாங்கக்கா. பொய் சொல்லலாம்னு தோணிச்சி, உங்ககிட்ட மறைக்கல. அப்புறம் சொல்லிட்டேன். எந்த ரகத்துக்குப் பக்கத்துல எந்த ரகம் நடணும், எப்ப இலை எண்ணணும், எல்லாம் அக்கா போட்டதுன்னு. நான் செஞ்சேன், அவங்க யோசிச்சாங்கன்னு."

சரோஜா எழுந்துட்டா. "சாப்டீங்களா மாணிக்கம்?"

இல்லன்னான். டிபன் டப்பாவுல எலுமிச்சை சாதம். மூணு பேருக்குப் பத்தல. அவன்தான் அதிகம் சாப்பிட்டான். பரவாயில்ல.

27-9-84, வியாழன்

ஆர்டர் வந்துடுச்சு. சரோஜாவுக்குத்தான். ஸ்டேஷன் முழுக்க மிட்டாய் கொடுத்தேன். மாஸ்டர்: "என்னாய்யா, உனக்குப் ப்ரமோஷனா?" ஆமாம்னேன்.

மா. அங்கேயே, அவளுக்குக் கீழே. தங்கச்சி கல்யாணப் பத்திரிகை கொடுத்துட்டுப் போனான். முகம் கொஞ்சம் வாட்டம்தான்.

6-10-84, சனி

மத்தியானம் வானம் இருட்டு. அவ குடையை வீட்டிலயே விட்டுட்டுப் போயிட்டா. எடுத்துக்கினு திண்டிவனம் போனேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவை வயலுக்குள்ள இறங்கறேன். செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு.

சரோஜாவும் மா.வும் வரப்புல எதிரெதிரே. புதுப் பரிசோதனைக்கு செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளின்னு சண்டை. அவன் கத்தறான், "அக்கா, நீங்க சொல்றது தப்பு!" அவ இன்னும் சத்தமா, "எப்டித் தப்பு? காட்டுங்க!" ரெண்டு பேரும் ஒரே செடிகிட்ட குனிஞ்சு இலையைத் திருப்பிப் பாக்கறாங்க. "இது ஒத்துக்கறேன்"னா சரோஜா. அவ முகத்துல அப்படி ஒரு வெளிச்சம் வீட்ல நான் பாத்ததில்ல.

தூறல் ஆரம்பிச்சுது. நடுவுல நின்னு குடை பிடிச்சேன். வண்டிக்கு நேரமாச்சுன்னு ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு பேர் காதுலயும் விழல. அடுத்த வண்டியில போய்க்கலாம்.